கொழுப்பு சாப்பிட்டால் பசி அடங்குமா, கூடுமா? மூளை போடும் கணக்கு

கொழுப்பு சேர்த்துச் சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது என்கிறது ஒரு தரப்பு. கொழுப்புதான் பசியைக் கெடுத்து எடையை ஏற்றுகிறது என்கிறது இன்னொரு தரப்பு. இதில் மூளை என்ன செய்கிறது, எதை நம்பிச் சாப்பாட்டை அமைப்பது என்பது கேள்வி.

இரண்டு தரப்பின் கையிலும் பாதி உண்மை இருக்கிறது. சிறுகுடலில் வந்து இறங்கும் கொழுப்பு, "போதும்" என்ற வலுவான செய்தியை மூளைக்கு அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் செய்தி தாமதமாகக் கிளம்புகிறது, ஜீரணம் நடந்தால்தான் கிளம்புகிறது, தினமும் அளவு மீறிக் கொழுப்பு வந்துகொண்டே இருந்தால் மழுங்கியும் போகிறது. கொழுப்பில் 1 கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. (இந்தப் பதில் முழுவதும் கலோரி என்பது கிலோ கலோரி.) அதனால் செய்தி போய்ச் சேர்வதற்குள் உள்ளே போயிருக்கும் கணக்கு பெரிதாகிவிடுகிறது. கொழுப்பைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை இந்தத் தாமதத்தைக் கவனிக்காததால் வருபவைதான்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை எடுத்துக்கொள்வோம். சுமார் 14 கிராம், 120 கலோரி. வாயில் அது வழவழப்பாகத் தெரிகிறது, மணத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. நாக்கில் கொழுப்பு அமிலங்களைப் பிடிக்கும் சிடி36 என்ற புரதமும் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் மூளைக்குப் போகும் செய்தி "இன்னும் கொண்டுவா" என்பதுதான். எலிகளில் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள்: விழுங்கிய எண்ணெய் வயிற்றில் தங்காமல் குழாய் வழியே வெளியேறிவிடும்படி அமைத்தார்கள். அப்படி நாக்கில் மட்டும் பட்டுச் சென்றபோதே சிறுகுடலில் எண்டோகன்னபினாய்டுகள் என்ற, பசியைத் தூண்டும் பொருட்கள் சுரந்தன. சர்க்கரைக் கரைசலுக்கும் புரதத்துக்கும் அவை சுரக்கவில்லை. கொழுப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உடம்பு இது. கிடைத்தபோது விடாதே என்பது அதன் விதி.

எண்ணெய் வயிற்றைத் தாண்டி முன்சிறுகுடலுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. பித்தநீர் அதைச் சிறு துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் நொதி அந்தத் துளிகளைக் கொழுப்பு அமிலங்களாக வெட்டுகிறது. குடல் சுவரில் உள்ள செல்கள் இந்த வெட்டுப்பட்ட துண்டுகளைத்தான் உணர்கின்றன. முழு எண்ணெயை அல்ல. உணர்ந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விடுகின்றன. பித்தப்பையைச் சுருங்க வைப்பது இதன் வேலை என்று 1928-லேயே தெரியும். சாப்பாட்டை நிறுத்தவும் வைக்கிறது என்பது எலிகளில் 1973-ல் தெரியவந்தது. இது வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. அருகிலுள்ள வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டி, மூளைத் தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு குடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளையிலிருந்து குடலுக்கு வருபவை சிறுபான்மை.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். ஒன்று, கொழுப்பு அமிலத்தில் 12 அல்லது அதற்கு மேல் கார்பன் அணுக்கள் இருந்தால்தான் கோலிசிஸ்டோகைனின் நன்றாகச் சுரக்கும். அதற்குக் குட்டையானவை அதைத் தூண்டுவதில்லை. இரண்டு, கொழுப்பு வெட்டப்படாவிட்டால் செய்தியே கிடையாது. கொழுப்பு உறிஞ்சப்படாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரை லைபேஸை முடக்குகிறது. சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30% மலத்தோடு போய்விடுகிறது. ஆனால் அதே காரணத்தால் குடலின் "போதும்" செய்தியும் குறைகிறது. எடைக் குறைப்புக்கு அந்த மாத்திரை ஓரளவே உதவுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

முன்சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் மிஞ்சிய கொழுப்பு கீழே, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போனால் இன்னொரு பிரேக் விழுகிறது. அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு ஹார்மோன்களை விடுகின்றன. மேலிருந்து வரும் உணவின் வேகம் குறைகிறது, பசியும் குறைகிறது. இன்று எடைக் குறைப்புக்குப் போடப்படும் செமாக்ளூடைட் ஊசி அந்த ஜிஎல்பி-1-ஐப் போலச் செய்து, நாள் கணக்கில் உடம்பில் தங்கும்படி அமைக்கப்பட்டது. உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும்.

இவை தவிர, ஓலிக் அமிலத்திலிருந்து (ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருப்பது) சிறுகுடலே ஓலியோயில்எத்தனோலமைட் என்ற பொருளைச் செய்துகொள்கிறது. அடுத்த வேளைப் பசியைத் தள்ளிப்போடுவதில் இதற்குப் பங்கு உண்டு. தொடர்ந்து கொழுப்பு மிகுந்த தீனி தின்ற சுண்டெலிகளில் இது சுரப்பது நின்றுபோகிறது. கூடவே, குடலில் கொழுப்பு இறங்கும்போது மூளையில் எழ வேண்டிய டோபமைனும் (ஆசையையும் நிறைவையும் சொல்லும் மூளை வேதிப்பொருள்) எழுவதில்லை. வெளியிலிருந்து அதைக் கொடுத்ததும் டோபமைன் திரும்பியது. கொழுப்புக் குறைந்த தீனியையும் அவை ஏற்றுக்கொண்டன. 2013-ல் வந்த முடிவு இது.

பழக்கத்தால் பிரேக் தேய்வது மனிதர்களிலும் தெரிகிறது. 14 நாட்கள் கொழுப்பு மிகுந்த உணவு சாப்பிட்டாலே, கொழுப்பு உணவு வயிற்றைவிட்டு வெளியேறும் வேகம் கூடிவிடுகிறது. "முன்பெல்லாம் இவ்வளவு எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிறு திம்மென்று இருக்கும், இப்போது ஒன்றும் தெரிவதில்லை" என்பவர் கற்பனை செய்யவில்லை. அவர் குடல் பழகிவிட்டது.

இதுவரை சொன்னது ஒரு வேளைக் கணக்கு. மாதக்கணக்கில் உடம்பின் கொழுப்புச் சேமிப்பைக் கண்காணிப்பது ஹைப்போதலாமஸ். மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவே உள்ள பகுதி. மூளைக்குள் ரத்தத்திலிருந்து கண்டது நுழையாமல் தடுக்கும் அரண், ஹைப்போதலாமஸின் அடித்தளத்தை ஒட்டிய ஓரிடத்தில் மட்டும் சல்லடைபோல் இருக்கிறது. ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதை அந்த இடத்தின் பக்கத்திலேயே இருந்து மோப்பம் பிடிப்பவை இரண்டு வகை நியூரான்கள் (நரம்பு செல்கள்). ஏஜிஆர்பி நியூரான்கள் பசியைக் கிளப்புபவை. பிஓஎம்சி நியூரான்கள் பசியை அடக்கி, சக்திச் செலவைக் கூட்டுபவை. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் மெலனோகார்ட்டின்-4 ஏற்பி (செய்தியைப் பிடிக்கும், செல்லின் மேலுள்ள புரதம்). பிஓஎம்சி தரப்பு அதைத் திறக்கிறது, ஏஜிஆர்பி தரப்பு மூடுகிறது. இந்த ஏற்பியின் மரபணு பழுதானவர்கள் சிறு வயதிலிருந்தே தீராப் பசியோடு பருமனாகிறார்கள். ஆக, இது ஆய்வகக் கதை மட்டுமல்ல.

இந்த நியூரான்களுக்குக் கொழுப்புச் சேமிப்பின் அளவைச் சொல்வது லெப்டின். இதைக் கண்டுபிடித்த வழி சுவாரசியமானது. டக்ளஸ் கோல்மன், அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில், மரபணுக் கோளாறால் பருத்த சுண்டெலியையும் சாதாரணச் சுண்டெலியையும் உடல் ஒட்டித் தைத்து, ரத்தம் கலக்கும்படி செய்தார். ஒருவகைப் பருத்த எலி, சாதாரண எலியின் ரத்தம் கலந்ததும் தீனியைக் குறைத்தது. இன்னொரு வகைப் பருத்த எலியோடு ஒட்டினால், சாதாரண எலி பட்டினி கிடந்தே செத்தது. முதல் வகையில் "போதும்" என்ற பொருளே இல்லை. இரண்டாம் வகையில் பொருள் ஏராளம், அதைக் கேட்கும் காது இல்லை. அந்தப் பொருளின் மரபணுவை ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-ல் பிடித்தது. லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது உடம்பின் கொழுப்புத் திசு.

பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சில குழந்தைகளுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. சாதாரணமாகப் பருத்தவர்களுக்குப் பெரிய பலனில்லை. காரணம், அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே மிகுதி. அவர்கள் கோல்மனின் இரண்டாம் எலியின் பக்கம். செய்தி வருகிறது, மூளை கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதில்தான் உணவுக் கொழுப்பின் வகை உள்ளே வருகிறது. ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களை மட்டும் பார்ப்பதில்லை, கொழுப்பு அமிலங்களையும் நேரடியாக உணர்கிறது. எலிகளின் மூளைக்குள் ஓலிக் அமிலத்தை நேராகச் செலுத்தியபோது தீனி குறைந்தது, கல்லீரல் வெளிவிடும் குளுக்கோஸும் குறைந்தது. 2002-ல் வந்த இந்த முடிவு பலரின் பார்வையை மாற்றியது. நன்றாகச் சாப்பிட்ட நிலையில் நியூரானுக்குள் மாலோனைல்-கோஏ என்ற இடைப்பொருள் கூடுகிறது. அது, கொழுப்பு அமிலங்களை எரிக்குமிடமான மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை அடைக்கிறது. உள்ளே போக முடியாத கொழுப்பு அமிலங்கள் வாசலில் தேங்குகின்றன. அந்தத் தேக்கத்தைத்தான் நியூரான் "இருப்பு போதும்" என்று படிக்கிறது.

பால்மிட்டிக் அமிலம் வேறு விதம். பாமாயிலில் சுமார் 44%, வெண்ணெயில் நாலில் ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெயில் சுமார் 10 முதல் 15% உள்ள நிறைவுற்ற கொழுப்பு அமிலம் இது. எலிகளின் ஹைப்போதலாமஸில் இது சேர்ந்தபோது, இன்சுலினுக்கும் லெப்டினுக்கும் நியூரான் பதில் சொல்வது குறைந்தது. ஓலிக் அமிலம் அதே கெடுதலைச் செய்யவில்லை. பிரேசிலின் கம்பினாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லும் 2009-லும் காட்டியது: நீண்ட சங்கிலி கொண்ட நிறைவுற்ற கொழுப்புகள், கிருமிகளை அடையாளம் காண வைத்திருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியைத் தூண்டிவிடுகின்றன. கிருமி இல்லாமலே அழற்சி தொடங்குகிறது. அழற்சியால் கூடும் சில புரதங்கள், அவற்றில் எஸ்ஓசிஎஸ்3 முக்கியமானது, லெப்டின் ஏற்பிக்குப் பின்னால் போகும் கம்பியைத் துண்டிக்கின்றன.

இது எடை கூடிய பிறகு வரும் விளைவா, முன்னால் வருவதா? எலிகளில் முன்னால்தான். கொழுப்பு மிகுந்த தீனி தொடங்கி 1 முதல் 3 நாட்களுக்குள் ஹைப்போதலாமஸில் அழற்சியின் அடையாளங்கள் தெரிந்தன. எலி அப்போது இன்னும் பருக்கவில்லை. பிறகு அவை தற்காலிகமாக அடங்கி, சில வாரங்கள் கழித்துத் திரும்பி நிலைத்துவிட்டன. 2012-ல் இதைக் காட்டிய அதே ஆய்வு, பருத்த மனிதர்களின் எம்ஆர்ஐ படங்களிலும் அந்தப் பகுதியில் தழும்பு போன்ற மாற்றம் இருப்பதைக் காட்டியது. ஆனால் படத்தை வைத்து எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. மனிதர்களில் உறவு தெரிகிறது, காரணம் நிரூபணமாகவில்லை.

எலி ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆய்வகத்தில் "கொழுப்பு மிகுந்த தீனி" என்றால் பெரும்பாலும் 60% கலோரி கொழுப்பிலிருந்து வருவது. அதிலும் பெரும்பங்கு பன்றிக் கொழுப்பு, கூடவே கொஞ்சம் சர்க்கரை. ஒப்பிட வைக்கும் சாதாரணத் தீனியிலோ தானியமும் நார்ச்சத்தும் நிறைய. வேறுபாட்டை முழுக்கக் கொழுப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இந்தக் குறையைத் தாண்டிய ஆய்வு 2018-ல் வந்தது. சத்துகளின் விகிதத்தை மட்டும் மாற்றி மாற்றி ஏறத்தாழ 30 விதத் தீனிகளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதத்தையோ சர்க்கரையையோ மாற்றியதால் எலிகள் கூடுதலாகத் தின்னவில்லை. கொழுப்பின் பங்கு ஏறியபோதுதான் தின்றன, பருத்தன. சுமார் 60% வரை ஏறிய இந்த விளைவு அதற்கு மேல் கூடவில்லை. மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை முதன்மையாக்கும் கீட்டோ உணவு பற்றிப் பேசும்போது இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசிக்கணக்குக்கு வெளியே ஆசைக்கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2022-ல் வந்த சுண்டெலி ஆய்வில், ஒரு புட்டியில் கலோரி இல்லாத இனிப்பு நீர், இன்னொன்றில் கொழுப்புக் கலவை வைத்தார்கள். ஒரு நாள் ஆனதும் எலிகள் கொழுப்புப் புட்டியிலேயே மொய்த்தன. கொழுப்பின் சுவையை உணர முடியாத எலிகளும் அதையே செய்தன. வேகஸ் நரம்பின் குறிப்பிட்ட இழைகளை முடக்கியதும் அந்த ஈர்ப்பு போய்விட்டது. ஆசையை நாக்கு தொடங்கி வைக்கலாம். உறுதி செய்வது குடல்.

கொழுப்பும் மாவுச்சத்தும் ஒன்றாகச் சேரும்போது ஆசை கூட்டல் கணக்கைத் தாண்டிவிடுகிறது. 2018-ல் மனிதர்களிடம் செய்த சோதனை: ஒரே கலோரி, ஒரே அளவு பிடித்தமானவை என்று அவர்களே சொன்ன தின்பண்டங்கள். கொழுப்பு மட்டும், மாவுச்சத்து மட்டும், இரண்டும் கலந்தது என மூன்று வகை. ஏலம் கேட்கச் சொன்னபோது கலந்ததற்கே அதிக விலை கேட்டார்கள்; மூளையின் வெகுமதிப் பகுதியும் அதற்கே கூடுதலாக ஒளிர்ந்தது. பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம், சிப்ஸ் எல்லாம் இந்தக் கலவைதான். இயற்கையில் இந்தக் கலவை அரிது. தாய்ப்பால் ஒரு விதிவிலக்கு.

2023-ல் வந்த இன்னொரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். எடை சரியாக உள்ள சிலருக்கு 8 வாரம், வழக்கமான உணவோடு, கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த சிறு பண்டத்தைத் தினமும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கலோரியில் கொழுப்பும் சர்க்கரையும் குறைந்தது. எடையில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழுவுக்குக் கொழுப்புக் குறைந்த உணவின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. மில்க்‌ஷேக்குக்கு மூளை காட்டும் துள்ளல் கூடியது. எடை ஏறவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். எலிகளில் இதே கதை ஏஜிஆர்பி நியூரான்களில் தெரிகிறது: கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த பின், குடலில் கொழுப்பு இறங்கினாலும் அந்தப் பசி நியூரான்கள் முன்போல் அடங்குவதில்லை, எடை குறைந்த பிறகும் அந்த மந்தம் நீடித்தது. மனிதர்களில், வயிற்றுக்குள் குழாய் வழியாகக் கொழுப்பைச் செலுத்திப் பார்த்த ஆய்விலும் பருத்தவர்களின் மூளை பதில் மங்கலாக இருந்தது. எடையில் 10% குறைத்த பின்னும் திரும்பவில்லை. எடை குறைத்தவர்களுக்குப் பசி அடங்காமல் இருப்பதை மனவலிமைக் குறை என்று ஏசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி, மனிதர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள்? 1987-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 24 பெண்களுக்கு மூன்று வித உணவு, ஒவ்வொன்றும் இரண்டு வாரம்: கொழுப்பிலிருந்து 15-20%, 30-35%, 45-50% கலோரி. பார்க்கவும் சுவைக்கவும் உணவுகள் ஒன்றுபோல இருந்தன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கொழுப்பு குறைந்த வாரங்களில் எடை இறங்கியது, மிகுந்த வாரங்களில் ஏறியது. தட்டில் எடுத்த உணவின் கனம் அதிகம் மாறவில்லை, கலோரிதான் மாறியது. மூளை கலோரியைவிட உணவின் கனத்தையும் பருமனையும் பார்த்தே அந்த நேரத்தில் முடிவெடுக்கிறது என்பதன் நேரடிக் காட்சி இது.

2021-ல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹால் குழு 20 பேரை நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் தாவர உணவு, கொழுப்பு 10%, மாவுச்சத்து 75%. இரண்டு வாரம் விலங்குணவு சார்ந்த கீட்டோ, கொழுப்பு 76%, மாவுச்சத்து 10%. கொழுப்புக் குறைந்த உணவில் ஒரு நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். அந்த வாரங்களில் ரத்த சர்க்கரையும் இன்சுலினும் கூடுதலாகவே எழுந்தன. ஆனாலும் பசி அதிகம் என்று அவர்கள் சொல்லவில்லை. "இன்சுலின் எழுந்தால் பசி எழும்" என்று அடித்துச் சொல்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு. கீட்டோ பக்கமும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது: இரண்டாம் வாரத்தில் அங்கேயும் உண்ணும் அளவு தானாகக் குறைந்தது, எடையும் இறங்கியது. எடை குறைந்தால் வழக்கமாக ஏறும் பசி ஹார்மோனான கிரெலின், கீட்டோசிஸ் (மாவுச்சத்து குறைந்ததால் உடம்பு கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்ற எரிபொருளைச் செய்துகொள்ளும் நிலை) நீடிக்கும்வரை அவ்வளவாக ஏறுவதில்லை என்று வேறு ஆய்வு காட்டியிருக்கிறது.

அப்படியானால் எது வெல்லும்? ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை 12 மாதம் பின்தொடர்ந்த சோதனையில், கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல. இரு குழுவுக்கும் பதப்படுத்திய மாவையும் சர்க்கரையையும் விட்டு, காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஓரங்களிலும் வேலை நடக்கிறது. கொழுப்பும் மாவும் சர்க்கரையும் கூடிக்குலவும் நடுப்பகுதிதான் ஆபத்து என்பதே என் முடிவு.

சக்திச் செலவின் பக்கம் சுருக்கமாக. உண்ட புரதத்தின் கலோரியில் 20-30% அதைச் செரித்துக் கையாளுவதிலேயே செலவாகிறது, மாவுச்சத்தில் 5-10%, கொழுப்பில் 0-3% மட்டுமே. மாவுச்சத்து அதிகமானால் உடம்பு உடனே அதை எரிக்கத் தொடங்கும். கொழுப்பு அதிகமானால் அப்படித் தொடங்காது, நேராகக் கிடங்குக்குப் போகும். தேவைக்கு மேல் ஊட்டிய சோதனையில், மிகுதியான மாவுச்சத்தில் 75-85 சதவீதமும் மிகுதியான கொழுப்பில் 90-95 சதவீதமும் சேமிப்பானது. எங்கே சேர்கிறது என்பதைக் கொழுப்பின் வகை தீர்மானிக்கிறது. ஸ்வீடனில் 39 பேருக்கு 7 வாரம் கூடுதல் மஃபின் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குப் பாமாயிலில் செய்தது, இன்னொன்றுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. எடை இரண்டிலும் ஒரே அளவு ஏறியது. பாமாயில் குழுவில் கல்லீரலிலும் வயிற்றறையிலும் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. மற்ற குழுவில் தசை கூடுதலாக ஏறியது.

எடை இறங்கும்போது லெப்டின் விழுவதால் ஹைப்போதலாமஸ் பஞ்சம் என்று முடிவுகட்டி, தைராய்டு ஹார்மோனையும், உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளையும் தணித்து, செலவைச் சுருக்குகிறது. எந்த உணவுமுறையில் இறக்கினாலும் இது நடக்கும்.

நடைமுறைக்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன வரம்பு: மொத்தக் கொழுப்பு 30% கலோரிக்குள், நிறைவுற்றது 10 சதவீதத்துக்குள், டிரான்ஸ் கொழுப்பு 1 சதவீதத்துக்குள். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 67 கிராம், 22 கிராம், சுமார் 2 கிராம். 67 கிராம் என்பது சமையல் எண்ணெய் மட்டுமல்ல. பால், முட்டை, இறைச்சி, கொட்டை எல்லாவற்றிலும் உள்ளது சேர்த்து. எனவே ஊற்றும் எண்ணெய்க்கு மிஞ்சுவது பலருக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டிதான். புட்டியிலிருந்து நேராக ஊற்றினால் கணக்கு தவறும். ஒரு வாரம் கரண்டியால் அளந்து பாருங்கள், கை பழகிவிடும்.

அளவை ஒட்டி, கொழுப்பு எந்த உருவில் வருகிறது என்பது முக்கியம். முழுப் பாதாமின் செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே போகிறது. 28 கிராமுக்கு 170 கலோரி என்று அட்டை சொன்னாலும், உடம்புக்குக் கிடைத்தது சுமார் 129 என்று 2012-ல் அளந்தார்கள். அதையே மாவாக அரைத்தாலோ, எண்ணெயாக எடுத்தாலோ அந்தச் சலுகை போய்விடும். மென்று தின்ன வேண்டிய உணவு சாப்பாட்டு நேரத்தையும் நீட்டுகிறது. கோலிசிஸ்டோகைனின் வேலை செய்யக் கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும்; ஐந்து நிமிடத்தில் முடியும் சாப்பாட்டில் குடலுக்குப் பேச வாய்ப்பே இல்லை. கொழுப்பைப் புரதத்தோடும், நார்ச்சத்தும் நீரும் உள்ள காய்கறியோடும் சேர்த்தால் அதே 14 கிராம் எண்ணெய் பெரிய தட்டில் பரவும்; சர்க்கரையோடும் மாவோடும் சேர்த்தால் சிறு கைப்பிடியில் அடங்கிவிடும். வெண்ணெய், பாமாயில், கொழுத்த இறைச்சி இடத்தில் ஓலிக் அமிலமோ பன்மை நிறைவுறாக் கொழுப்போ மிகுந்த எண்ணெயை வைப்பது மூளைக்கு மட்டுமல்ல, ரத்தக் கொழுப்புக்கும் நல்லது என்று மனிதர்களிலேயே தெரியும். ஆனால் நல்ல எண்ணெய்க்கும் 1 கிராமுக்கு அதே 9 கலோரிதான். "நல்லது" என்று சொல்லிக் கூடுதலாக ஊற்றுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

ருசியை மாற்ற முடியும், ஆனால் 12 வாரம் போல ஆகும். அதற்கு ஒரு நிபந்தனை: வாயில் கொழுப்பின் உணர்வே குறைய வேண்டும். 1993-ல் வந்த ஆய்வில், கொழுப்பைப் போலவே வழவழக்கும் மாற்றுப் பொருட்களைச் சாப்பிட்டவர்களுக்கு விருப்பம் இறங்கவில்லை. அந்த உணர்வையே விட்டவர்களுக்கு இறங்கியது. "லோ ஃபேட்" என்று எழுதிய ஐஸ்கிரீமால் கலோரி குறையலாம், நாக்கு திருந்தாது. கொழுப்பை எடுத்த இடத்தில் சர்க்கரையைக் கொட்டியிருந்தால் கலோரியும் குறையாது.

எம்சிடி (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 8, 10 கார்பன் கொண்ட குட்டைக் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிகின்றன, கீட்டோன்களாகின்றன. அடுத்த வேளை உண்பதைச் சற்றுக் குறைக்கின்றன. எடையில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். தொடங்கும்போது ஒரு தேக்கரண்டி, உணவோடு. ஒரே மூச்சில் 25-30 கிராம் குடித்தால் வயிற்றுப்பிடிப்பும் பேதியும் நிச்சயம்போல வரும். தேங்காய் எண்ணெயை எம்சிடி என்று விற்பதை நம்ப வேண்டாம். அதில் பாதியளவு லாரிக் அமிலம், 12 கார்பன் கொண்டது, நடத்தையில் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போன்றது. ஒரு வேடிக்கை: 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்த கிரெலின், பசியைத் தூண்ட வேண்டுமானால் அதன் மேல் 8 கார்பன் கொழுப்பு அமிலம் ஒட்ட வேண்டும். பசி ஹார்மோனுக்கே கொழுப்பு தேவைப்படுகிறது.

கொழுப்பை ஒரேயடியாக வெட்டுவதிலும் ஆபத்து உண்டு. கோலிசிஸ்டோகைனின் வராவிட்டால் பித்தப்பை சுருங்காது, பித்தநீர் தேங்கிக் கல்லாகும். மிகக் குறைந்த கலோரியில் வேகமாக எடை குறைப்பவர்கள் ஒரு வேளையிலாவது 10 கிராம் அளவு கொழுப்பைச் சேர்ப்பது இதற்காகத்தான். வைட்டமின் ஏ, டி, ஈ, கே உறிஞ்சப்படவும் கொழுப்பு வேண்டும்.

கீட்டோவில் முதல் வாரம் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவமான கிளைகோஜன் 1 கிராம் கரையும்போது சுமார் 3 கிராம் நீரும் போகிறது. உப்பும் கூடவே போவதால்தான் தலைவலியும் சோர்வும். சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கடுமையாக ஏறும். தொடங்கும் முன்பும், 6 முதல் 8 வாரத்திலும் ரத்தம் பார்ப்பது அவசியம். "பாதி கீட்டோ" என்று மாவுச்சத்தை ஓரளவே குறைத்துக் கொழுப்பைத் தாராளமாகக் கூட்டுபவர்கள் கீட்டோசிஸும் கிடைக்காமல், மேலே சொன்ன ஆபத்தான நடுப்பகுதியில் மாட்டிக்கொள்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற சல்போனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் ரத்த சர்க்கரை ஆபத்தாக இறங்கும். மருத்துவர் முன்கூட்டியே அளவைக் குறைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோவைத் தொடவே கூடாது: மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் மீட்டர் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாமல், ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.